போடச் சொன்னது யார்

– அதான் சொல்றேன் முத்து, மூணு கம்ப்யூட்டரையும் மொத்தமா அழிச்சிட்டு புதுசா விண்டோஸ் போட்டுடு. வந்து பாக்கறவனுக்கு இன்னா கிடைக்கும்? வெறும் டப்பா.

– அழிக்கக் கூடாது சார். வக்கீலம்மாட்ட போயிட்டுத்தான நேரா இங்க வாரேன்.

– ஸ்ரீபெரும்புதூர் சசிகலா அம்மாவாண்டயா? இன்னா சொன்னாங்க?

– திருட்டு காப்பி ஓடுது, வந்து பாக்கணும்னு அந்த சாஃப்ட்வேர்காரங்க அனுப்பின மெயிலை ரெண்டு தடவை படிச்சாவ. மொதல்ல ஒண்ணையும் தொடாதீங்கன்னாவ. நாம இன்டர்நெட்ட போட்டுக்கிட்டு கார் பார்ட்ஸைப் பிடிக்கிற ஜிக்குக்கு ட்ராயிங் வரையும்போதே, எந்த கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னு அந்த சாஃப்ட்வேர் அவங்களுக்குச் சொல்லிருச்சாம். அந்தக் கணக்கு அவங்க கைல இருக்கு. இப்ப அழிச்சா, வாங்காம போட்டது ஒரு தப்பு, அதை மறைச்சது இன்னொரு தப்புன்னு ஆயிரும்.

– அப்போ வர்றவனை உள்ள வுட்டு எல்லாத்தையும் திறந்து காட்டச் சொல்றாங்களா? கார் கம்பெனி ட்ராயிங் பூரா அதுக்குள்ள கீது. வெளியாளு பாத்தான்னு தெரிஞ்சா ஆர்டரே பூடும்.

– அதையும் கேட்டேன். கேட்டவுடனே திறந்துவிட வேண்டாமாம். வாங்கும்போது நாம என்னத்துக்கு ஒத்துக்கிட்டோம்னு மொதல்ல படிக்கணுமாம். எத்தனை மிஷின்ல இருக்கு, எதுக்கு பில் இருக்குன்னு நாமளே பாத்து, உள்ளதை எழுதிக் குடுத்தா, வக்கீலம்மாவே பதில் அனுப்புவாங்களாம். பொறவு பேசி மிச்சத்துக்கு லைசென்ஸ் வாங்கிக்கிடலாம். ஒரகடம் பக்கம் நெறைய பட்டறைக்கு இது வந்திருக்காம் சார். பதிலே போடாம கெடக்கதுதான் ஆபத்துன்னாவ.

– பதில் போட்டுடலாம். நான் ஒண்ணு யோசிச்சி வச்சிக்கீறேன்.

– சொல்லுங்க.

– பில்லு கீறது ஒரு மிஷினுக்கு. மத்த ரெண்டுலயும் கிராக் காப்பி போட்டது காசிராஜன். ஆமாவா, இல்லியா?

– ஆமா. காசியண்ணன் கையாலதான் போட்டாரு.

– அதையே எழுது. இங்க வேலை பாத்த டிசைனர் எனக்குத் தெரியாம போட்டுட்டாரு, வேலையை வுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுதுன்னு. முடிஞ்சுது.

– வக்கீலம்மாவும் அதைத்தான் கேட்டாவ. ஓனருக்குத் தெரியாம நடந்திருந்தா பேச வழி இருக்காம். அது நெசமா இருந்தா மட்டும் எழுதுங்கன்னாவ. உங்கட்ட கேட்டுட்டு வாரேன்னு வந்துட்டேன்.

– நல்லதாப் போச்சு. தெரியாதுன்னு எழுதிடு.

– உங்களுக்குத் தெரியாதா சார்?

– இன்னா கேள்வி இது?

– நான் சேந்த புதுசு. பக்கத்து சீட்லதான் இருந்தேன். ஒரு லைசென்ஸை வச்சு மூணு பேர் வரைய முடியலை, இன்னும் ரெண்டு வாங்கித் தாங்கன்னு காசியண்ணன் வந்து நின்னாரு. இந்த ஆர்டர் முடியட்டும்னு சொன்னிய. அடுத்த ஆர்டருக்கும் வந்து நின்னாரு. அப்ப என்ன சொன்னிய? ஊர்ல அவனவன் ஓட்டிக்கினு கீறான், நீ மட்டும் இன்னா பெரிய யோக்கியனா, போடுடான்னு சொன்னிய.

– சொன்னேன். இல்லேங்கல. ஆனா நீ என் சீட்டுல உக்காந்து பாரு. பென்னலூர்ல நிலத்தைக் குடுத்துட்டு, வந்த துட்டுல இந்தப் பட்டறை மிஷினுங்களை எறக்கினேன். இன்னைக்கு இத்தினி பேரு இதுல சாப்பிடறாங்க. கேஸுன்னு பேர் வந்துட்டா கார் கம்பெனி பர்ச்சேஸ்ல கீறவன் போனையே எடுக்க மாட்டான். ஷட்டரை இழுத்து வுட்டா நீயும்தான் வூட்டுக்குப் போவணும்.

– தெரியும் சார். சங்கரன்கோவில்ல எங்க வீட்டு அடுப்பு எரியறது இந்தச் சம்பளத்துலதான்.

– அப்புறம் இன்னா? காசிக்கு இன்னா ஆயிடப் போவுது? அவன் பெரிய கம்பெனில கீறான்.

– பெரிய கம்பெனிலதான் ஆவும். அவரு இன்னும் பெர்மனென்ட் ஆவலை. திருட்டு சாஃப்ட்வேர் போட்டவர்னு ஒரு வக்கீல் நோட்டீஸ் அங்க போச்சுன்னா, கேட்லயே ஐடி கார்டை வாங்கிட்டு அனுப்பிருவாங்க.

– அவ்ளோ தூரம் போவுமா?

– நான் உங்களை மிரட்டலை சார். எதிர்சாட்சி சொல்லப் போறேன்னும் இல்லை.

– மிரட்டற மாதிரி இல்ல. அதான் பேஜாரா கீது. அவன் என் வூட்டுல சாப்ட்டவன். மஞ்சக்காமாலைல மாடி ரூம்புல படுத்துக் கெடந்தப்போ, என் பொஞ்சாதி கனகந்தான் தெனமும் கீழாநெல்லி அரைச்சி எடுத்துக்கினு ஏறுவா. இப்போ இதை அவளாண்ட போயி எப்படி சொல்றது?

– நீங்களா சொல்லாட்டி அக்காவுக்குத் தெரியாது.

– தெரியாம இன்னா. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவா.

– மெயில் டைப் பண்ணிட்டுதான் இருக்கேன். எத்தனை மிஷின், எந்த பில், எல்லாம் அடிச்சாச்சு. ஓனருக்குத் தெரியாமங்கிற வரி மட்டும் பாக்கி. அதை என்னால அடிக்க முடியாது சார். நீங்க வேணா அடிச்சிக்கிடுங்க.

– நவுரு. கீபோர்டை இப்பிடிக் குடு.

– இந்தாங்க.

– ஒரு வெரல்ல அடிக்கறவன் நான். நேரமாவும்.

– மெதுவா அடிங்க. சாப்பாட்டு பெல்லு அடிக்க இன்னும் நேரம் கெடக்கு.

– முத்து.

– சார்.

– வேணாம். நீயே அடி.

– என்னன்னு அடிக்க?

– காப்பி போடச் சொன்னது நான்னு அடி. டிசைனர் வாங்கச் சொல்லிக் கேட்டாரு, நான்தான் வாங்கித் தரலைன்னு அடி. கீழ என் பேரு, புருஷோத்தமன், ஓனர்னு போடு.

– டிசைனர் பேரு?

– அவன் பேரு எதுக்கு? போடச் சொன்னவன் இங்க உக்காந்துகினு கீறேன் இல்ல.

– சரி சார். வக்கீலம்மாவுக்கு அனுப்பிரவா? ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.

– வாசிச்சா மனசு மாறிடும். அனுப்பு.

– போயிருச்சு. அவங்க உடனே பாத்துட்டாவ. இதை வச்சு நான் பேசிக்கிடுதேன், ரெண்டு லைசென்ஸ் வாங்கறதுக்கு மட்டும் தயாரா இருங்கன்னு போட்டிருக்காவ. இத்தனை நாள் ஓட்டுனதுக்கும் ஏதாவது பணம் கேப்பாங்களாம்.

– கேக்கட்டும். புது மிஷின் எறக்கறது தள்ளிப் போவும். பர்ச்சேஸ்காரனாண்ட நானே போயி முன்னாடியே சொல்லிடறேன். வேற வாயால தெரிஞ்சா அசிங்கம்.

– அது நல்லது சார்.

– ராத்திரி சோறு எறங்கும்னு நெனைக்கிறேன். இந்தா பாரு, நான் இப்பிடி ஒண்ணு நெனச்சேன்னு காசிக்குத் தெரிய வேணாம்.

– காசியண்ணன் நேத்தே சொல்லிட்டாரு சார்.

– இன்னாது? அவனாண்ட பேசினியா?

– மெயில் வந்ததும் போன் போட்டேன். ரெண்டுல எது என்னைக்குப் போட்டதுன்னு கேக்கதுக்கு. கேட்டுட்டு, சார் பட்டறைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது முத்து, நானா சாருக்குத் தெரியாம போட்டேன்னு எழுதிக்கோ, கையெழுத்து வேணும்னா வந்து போட்டுத் தாரேன்னாரு.

– அவனே சொன்னானா? இத்தினி நேரம் உக்காந்து பேசிக்கினு கீறோம். இதை ஏன் மொதல்லயே சொல்லலை?

– சொல்லிருந்தா எழுதிருப்பிய சார்.