துருவுக்கு மருந்து கேட்டவர்

இந்த அவையைத் தம் அமைதியால் ஆளுகின்ற தலைவர் அவர்களே! எங்கள் உடலை அறுத்து, தைத்து, உயிரைத் திருப்பித் தந்த மருத்துவப் பெருமக்களே! முடி கொட்டியபோதும் முகம் வாடாத என் தோழியரே! அவர்களைப் பெற்ற தாய்மார்களே! துணைக்கு வந்துவிட்டு, எப்போது முடியும் என்று கதவோரம் கடிகாரம் பார்க்கும் கணவன்மார்களே! அனைவருக்கும் அன்பு கலந்த வணக்கம்.

சிரிக்காதீர்கள் ஐயா, உங்களைத்தான் சொன்னேன்.

நான் ரயில் நிலைய அறிவிப்பாளர். வண்டி தாமதமானால் ஊராருக்காக வருந்துவதே என் உத்தியோகம். என் வீட்டுக்காரர் இரும்புக் கதவு செய்கிற வெல்டர். ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டதாக நினைத்தாரோ என்னவோ, என்னை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

மார்பில் வந்த புற்றுக்கட்டியை எடுத்தார்கள்; மார்பும் கூடவே போயிற்று. என் உடம்பில் ஊறும் ஹார்மோனே அந்தக் கட்டிக்குத் தீனி என்றார்கள். தீனியைத் தடுக்கத் தினமும் மாத்திரை, ஆண்டுக்கணக்கில். விழுங்கினேன். வியாதி அடங்கிற்று, வெக்கை கிளம்பிற்று! நெஞ்சில் மூண்டு, கழுத்தில் ஏறி, காதுமடலில் கொதிக்கும் வெக்கை. அப்படிக் கொதித்த ஒரு பொழுதில் என் தோளைத் தொட்ட அவர் கையை, "தொடாதீங்க!" என்று தட்டிவிட்டேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். போனவர் என் பக்கத்தில் படுக்கத் திரும்பவே இல்லை.

நான் என்ன நினைத்தேன்? மார்பில்லாத மனைவி மனத்துக்குப் பிடிக்காமல் போனாள் என்று நினைத்தேன். கேட்டேனா? கேட்கவில்லை. அவர் சொன்னாரா? சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே விளக்கு, ஒரே வேளைச் சாப்பாடு. நடுவே ஒரு சுவர்! சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் காது கொடுத்துக் கேட்டவள் நான். இருமல் நின்றுவிட்டால் ஏங்கியவளும் நான். தாய்மார்களே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் போனால் நெஞ்சு வெடித்துவிடும்.

இதற்கிடையே, மாத்திரை சாப்பிடும் பெண்களின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் எப்படி இருக்கிறது என்று ஓர் ஆய்வு. நானும் ரத்தம் கொடுத்தேன். அது என்ன அழுத்தம் என்று கூட வந்த என் வீட்டுக்காரர் கேட்டார். இதோ மேடையில் இருக்கும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இரும்பு காத்துபட்டுத் துருப்பிடிக்குதுல்ல? அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் ஒரு தேய்மானம் நடக்கும். அதைத் தடுக்குற சக்தியும் உடம்புலயே இருக்கு. அந்தச் சக்திக்கு மீறித் தேய்மானம் போனா, அதுதாங்க இது."

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "துருவுக்கு நான் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிப்பேன் டாக்டர். இவளுக்கு எதை அடிக்கிறது?"

சிரியுங்கள், சிரியுங்கள்! டாக்டரம்மாவும் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை போனபோது பெரிய டப்பா ஒன்றை மேசையில் வைத்தார். உள்துருவை ஓட்டும் என்று எவனோ தலையில் கட்டிய சத்துக் குளிகைகள்.

"எங்களைக் கேக்காம இதெல்லாம் குடுக்காதீங்க. சிகிச்சைக்கே இடைஞ்சலாகலாம். இவங்க சாப்பிடுற மாத்திரை தேய்மானத்தைக் கூட்டுதா, குறைக்குதான்னு ஆராய்ச்சிகளே ஒரே மாதிரி சொல்லல" என்றார் டாக்டரம்மா.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. எனக்குத் தாங்கவில்லை. இந்த வெக்கை ஒழிந்தால் போதும் என்று தோன்றிற்று. "மாத்திரையை நிறுத்திடுங்க டாக்டரம்மா" என்றேன். "ஏம்மா?" என்றார். நாளெல்லாம் மைக்கில் பேசுகிற நான் புடவைத் தலைப்பைத் திருகினேன்.

அவர்தான் பேசினார். "அவளுக்கு உடம்பு கொதிக்குது டாக்டர். நான் பக்கத்துல படுத்தா இன்னும் கொதிக்குமேன்னு தள்ளிப் படுத்துக்கறேன். ஆயுசுக்கும் கூடத்துலயே கிடக்கறேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. எனக்கு மைக்கு வேணும்."

கேட்டீர்களா! கேட்டீர்களா தோழியரே! வெறுத்துப் போனார் என்று நான் அழுதேனே, அவர் என்னைக் குளிர வைக்க அல்லவா போயிருக்கிறார்!

"இதை இத்தனை நாளா ஏம்மா சொல்லல? வெக்கையைக் குறைக்க வழி இருக்கே!" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். வழியும் செய்தார். வெக்கை தணிந்திருக்கிறது, முற்றும் போகவில்லை. மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ஆனாலும் அவர் கூடத்தில்தான் படுக்கிறார். வாங்க என்று கூப்பிட எனக்கு இன்னும் நா எழவில்லை.

மருத்துவப் பெருமக்களே, ரத்தத்தை அளவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நாற்காலியில் வைத்து, வீட்டில் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தையும் கேளுங்கள். தோழியரே, அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்! மேனி கொதித்தால் சொல்லுங்கள்! மூட்டு வலித்தால் சொல்லுங்கள்! மனம் தவித்தால் சொல்லுங்கள்! சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

உங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, நான் மட்டும் சொல்லாமல் இறங்கலாமா? அதோ, கடைசி வரிசையில் தலை குனிகிறாரே, அவர்தான். என்னங்க, குனியாதீங்க. இன்னிக்குத் தலையணையை எடுத்துக்கிட்டு உள்ள வந்துடுங்க. கொதிச்சா போர்வையைத் தள்ளிக்கறேன். உங்களைத் தள்ள மாட்டேன்.

கொஞ்சம் கைதட்டலை நிறுத்துங்கள் ஐயா, அவர் எழுந்து ஏதோ சொல்கிறார்.

"வர்றேன் மைக்கு. நீ முதல்ல கீழ இறங்கி வா!"

கூப்பிட்டுவிட்டார். இனி நிற்க மாட்டேன். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்!