மூடாமல் விட்ட கண்ணாடிப் பெட்டி

தலைமை தாங்கும் தகைசால் பெரியவர் சித்தீக் அவர்களே! கூத்தாநல்லூரின் குணம் குன்றாச் சான்றோர்களே! மகளுக்கு நடக்கும் பாராட்டு விழாவைக் காண முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரசியா பேகம் அம்மா அவர்களே! அவரைச் சூழ்ந்திருக்கும் தாய்மார்களே! அறுவடை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் உழவர் பெருமக்களே! நீடாமங்கலத்து மாலதியின் நெஞ்சார்ந்த வணக்கம்!

பர்வினைப் பாராட்ட அழைத்தீர்கள். பாராட்டத்தான் வந்தேன். ஆனால் அவளைப் பார்த்து ஆறு ஆண்டுகள் பொருமிய நெஞ்சு இது. சிரிக்காதீர்கள் ஐயா, உண்மையைத்தான் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே வேலை: பெரோவ்ஸ்கைட். மை போலக் கண்ணாடியில் பூசினால் வெயிலை மின்சாரமாக்கும் கறுப்புப் படிகம் அது. செலவு குறைவு, செய்வது எளிது. ஆனால் ஈரம் பட்டால் மஞ்சளாகிச் செத்துவிடும். காவிரிக்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

அதைப் பூசிய கண்ணாடித் துண்டைச் சூரிய செல் என்போம். என் செல்தான் அதிக மின்சாரம் தந்தது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். மொட்டைமாடியில் வைத்த ஒன்பதாம் நாள் அது மஞ்சளானது. பர்வினோ மூன்று ஆண்டு முயன்று ஒரு புதிய உப்பை உருவாக்கியிருந்தாள். அது படிகத்தின்மேல் ஒட்டிநின்று தண்ணீரைத் தள்ளிவிடும். அவளுடைய செல் தொண்ணூறு நாள் கறுப்பாகவே நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால் எரிந்தது. அவள் சிரிக்காவிட்டாலும் எரிந்தது!

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இதோ இருக்கும் இந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பர்வின் ஊருக்குக் கிளம்பினாள். மாடியில் தன் செல்களை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் கேட்டுக்கொண்டாள். பிற்பகலில் போய்ப் பார்த்தேன். என் கண்முன்னே காற்று மூடியைத் தூக்கித் தள்ளியது. மழை தொடங்கியது. கை நீட்டினால் மூடியிருக்கலாம். நீட்டினேனா? இல்லை, தாய்மார்களே. படியிறங்கி வந்துவிட்டேன்.

மூன்று நாள் மழை. திங்கட்கிழமை இருவரும் ஏறிப் பார்த்தோம். பெட்டி நிறையத் தண்ணீர். அடியில் அவளுடைய செல்கள் கறுப்பாகவே கிடந்தன. துடைத்து அளந்தோம், மின்சாரம் குறையவே இல்லை என்று சொல்லலாம்.

கைதட்டாதீர்கள். நான் நிம்மதியடைந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? முன்னைவிட அதிகமாக எரிந்தேன். அந்த எரிச்சலே என்னைப் பயமுறுத்தியது. அன்று மாலையே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போனாள். எட்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"காத்து எத்தனை மணிக்கு மூடியத் தூக்குச்சு?"

"மூணே கால்."

எழுதிக்கொண்டாள். "நீ சொல்லாம இருந்திருந்தா என் கணக்கே தப்பாயிருக்கும், மாலதி. மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்ல முடியல. ஆனா இருபது செல்லு தரேன். நீயே தண்ணில போட்டுப் பாரு. ஒன்ன மாதிரி குத்தம் தேடுறவங்க வேற யாரும் இல்ல."

தேடினேன். ஆசை ஆசையாய்த் தேடினேன்! இரண்டு செல்கள் மஞ்சளாயின. உள்ளுக்குள் துள்ளினேன். விடாமல் துருவியபோது, ஓரத்தில் அவளுடைய உப்பு சரியாகப் பரவாததுதான் காரணம் என்று தெரிந்தது. அவள் பூசும் முறையை மாற்றினாள். அடுத்த நாற்பதில் ஒன்றுகூடக் கெடவில்லை. அதற்குத்தான் இன்று இந்தப் பொன்னாடை!

பெருமக்களே, பொறாமை வராத நெஞ்சு உண்டா? வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். உள்ளே வைத்தால் உங்களை அரிக்கும். உரியவரிடம் சொன்னால் உங்களுக்கே வழிவிடும். சொல்லுங்கள்! சுட்டாலும் சொல்லுங்கள்! முகம் சுருங்கினாலும் சொல்லுங்கள்!

என் பொறாமை தீர்ந்துவிட்டதா? இல்லை. அந்தப் பொன்னாடை என் தோளில் இருந்திருக்க வேண்டும் என்று இந்த நிமிடமும் தோன்றுகிறது. பர்வின், ஊரறியச் சொல்கிறேன்: உன்னை முந்தத்தான் போகிறேன். ஆனால் நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்துவேன்.

குற்றம் செய்தவளையும் மேடையேற்றிக் கேட்ட கூத்தாநல்லூருக்கு என் நன்றி. எல்லோர்க்கும் வணக்கம்.