ஞாயிற்றுக்கிழமைச் சினை வறுவல்

வாழை இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பட்டணத்துப் பெரிய ஓட்டல்காரர்களே இதைக் கவனிப்பதில்லை. எண்ணூரில் நான் பதினோரு வருஷம் மிலிட்டரி ஓட்டல் நடத்தினேன் ஐயா. ஒரு நாளும் ஓர் இலை மாறி விழுந்ததில்லை.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தேவப்பிரியம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். நாற்பத்திரண்டில் குண்டு விழும் என்று பயந்து பட்டணமே ஓடியபோது, ஓடிய ஒருவரிடமிருந்து கடலைப் பார்த்த அந்தக் கட்டடத்தை வாங்கினேன். யுத்தம் முடிந்ததும் கூட்டம் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். முகத்துவாரத்தில் படகு, அலையில் ஒரு குளியல், பிறகு என் ஓட்டலில் சாப்பாடு. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பேன். யாருக்குக் காரம் ஆகாது, யார் தலைக்கறி கேட்பார், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

சமையல் சிலுவையம்மாளுடையது. ராயபுரத்துக்காரி. புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்த பிறகு என்னிடம் வந்தாள். கைப்பக்குவம் நல்லதுதான், மறுக்கவில்லை. சமைப்பதை வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். வாசனையிலேயே உப்பைச் சொல்லிவிடுவாள். சாப்பிட்டவர்கள் குழம்பைப் புகழும்போது, அது என் அம்மாவின் பக்குவம் என்று சொல்லி வந்தேன். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஜெயவேல் என்ற வியாபாரி நாலு வருஷமாக வந்துகொண்டிருந்தவர். இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கழுவியவர் என்னைத் தாண்டி நேராக அடுக்களைக்குள் போனார். புகையில் நின்றிருந்த சிலுவையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஜெயவேல் சாரு பட்டணத்துல ஓட்டலு தொறக்கறாராம். என்னிய கூப்டுக்கினு கீறாரு."

"நான் ஒனக்கு என்னம்மா கொற வச்சேன்?"

"கொற ஒண்ணியும் இல்ல அண்ணாச்சி. அங்க எம்பேர எழுதி போர்டு மாட்றாங்களாம். சிலுவையம்மா ஓட்டலுன்னு. எம்பேர எழுதி நான் பாத்ததே இல்ல."

சந்தோஷமாகப் போய் வா என்றேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு வாசலில் நிற்கும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்துகொண்டே இருந்தது. இவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை. பதினோரு வருஷமாக என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் சமையலில் ஜெயவேலுக்கு ஒரே ஒரு தடவை வயிறு கெட்டால் போதும் என்று தோன்றியது. அவரும் கூப்பிட மாட்டார், அவளும் போக மாட்டாள். என் யோசனை அவ்வளவுதான்.

பேத்தை மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொட்டால் பந்து போல ஊதிக்கொள்ளும். வலையில் விழுந்தால் கரையிலேயே வீசிவிடுவார்கள். அதன் சினையில் விஷம் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். வீசிக் கிடந்ததில் ஒன்றை எடுத்து வந்தேன். சனிக்கிழமை கொஞ்சம் வேகவைத்து, கொல்லைப்புறம் வரும் நாய்க்கு வைத்துப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் அது செத்துவிட்டது. நாய் சிறிய பிராணி. மனிதர்களின் உடம்பு பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜெயவேல் வரும்போது கூடவே அவர் மனைவி பூவம்மாவும் வந்திருந்தாள். அதற்கு முன்னால் அவளை நான் பார்த்ததில்லை. புதுக் கட்டடத்தைப் பற்றிச் சிலுவையம்மாளிடம் பேசவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தாளாம். சினை வறுவல் அவர்களுக்கென்று தனியாகச் சொல்லப்பட்டது. சிலுவையம்மாள் சினையைக் கழுவி, மசாலா புரட்டி மூடிவைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். நான் உள்ளே போய்ப் பேத்தைச் சினையை அதில் கலந்துவிட்டு வந்தேன். நிதானமாகத்தான் செய்தேன். பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். மற்ற இலைகளுக்கு ஒரு துளி போகாமல் பார்த்துக்கொண்டேன். அன்று அறுபது பேர் சாப்பிட்டார்கள். வேறு ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை.

சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் ஜெயவேல் உதட்டைத் தடவிக்கொண்டு, "நாக்கு மரத்துப்போன மாதிரி கீது," என்றார். ரயிலுக்குக் காத்திருந்தபோது இருவருக்கும் கால் நிற்கவில்லை. பிளாட்பாரத்திலேயே படுக்கவைத்தோம். இருட்டுவதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணு அவிஞ்சி பூட்ச்சி அண்ணாச்சி. எந்த சினைன்னு தெரியாம போட்டுட்டேனே," என்றாள். நான் அதை மறுத்துப் பேசவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை கோயிலுக்குப் போவதாகச் சொன்னவள் முகத்துவாரத்தில் இறங்கிவிட்டாள். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

இதெல்லாம் முடிந்துபோன விஷயம். உங்கள் ஆட்களும் கைதவறுதல் என்று எழுதி மூடிவிட்டார்கள். போன வாரம் சுகாதார அதிகாரி வந்து என் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். அடுக்களை அசுத்தம், பாத்திரங்கள் சரியாகக் கழுவப்படவில்லை, கெட்ட மீன் உபயோகம். அப்படியே எழுதியிருக்கிறது. போகிற வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். அதனால்தான் வந்தேன். என் அடுக்களையில் ஒரு நாளும் கெட்ட மீன் ஏறியதில்லை. பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசித்தான் எடுப்போம். அந்த நோட்டீஸை எடுக்கச் சொல்லுங்கள். விஷம் வைத்தது நான். அழுக்கு இல்லை.

பூவம்மாவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உட்கார்ந்த பிறகு எழுப்பிவிடவா முடியும்? நல்ல மரியாதை தெரிந்த பெண். முதலில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கூச்சத்தோடு நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். உள்ளே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மனது நிறைந்துபோய், சட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் அவள் இலையில் வைத்தேன்.