கசக்காத மாத்திரை

"இன்னைக்கு ஞானஸ்நானம் வாங்கிட்டு இன்னைக்கே செத்துப்போனா, நடுவுல எங்கயும் நிக்காம நேரா மோட்சந்தானா, உபதேசியாரே?"

கேட்டவள் மந்தாபா. ஏழு வயது. மாமரத்தடி உபதேச வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருவாள். கேள்வி கேட்பதற்கு மட்டும் வாயைத் திறப்பாள். ஆமாம், நேராக மோட்சம்தான் என்றேன். பிறந்தபோது வந்த பாவமும் பிறகு செய்த பாவமும் தண்ணீரோடு போய்விடும், மிச்சப் பாவத்துக்கு வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு நாள்கூட நிற்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். அவள் அதோடு விடவில்லை.

"அப்ப எல்லாரும் ஏன் அன்னைக்கே சாவுறதில்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புல்ஜன்ஸ் சாமி, போன மாதம் நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் ஊர் லிபாங்காவுக்கு வந்தபோது இதைச் சொல்லியிருக்கலாம். ஜூபிலிக்காக மறைமாவட்டத்தின் வரலாறு எழுதுவதாகச் சொன்னீர்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றீர்கள். கழுத்து விறைக்கும் காய்ச்சல் வந்த இரண்டாம் வருடம், சாகும் தறுவாயில் நான் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் செத்து அடக்கமானார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களில் பாதிப் பேராவது பிழைத்திருக்கிறார்கள்.

"உங்க ஊர்த் தண்ணியில என்ன இருந்துச்சு, உபதேசியார் தாத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. வரலாறு என்றால் சரியாக இருக்க வேண்டும்.

நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர் என்றாலும், அந்தக் காலத்து உபதேசியாரின் வேலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓபேன் சாமி மிஷனில் இருந்தார். இங்கிருந்து இரண்டு நாள் நடை. வருடத்துக்கு மூன்று முறை வருவார். மற்ற நாட்களில் ஜெபம், உபதேசம், சண்டை தீர்ப்பது, குழி வெட்டுவது எல்லாம் நான்தான். ஒன்றுக்கு மேல் மனைவி வைத்திருப்பவனுக்கு ஞானஸ்நானம் இல்லை. ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவளுடைய பிறந்த வீட்டோடு பகை. அவள் உழுத கிழங்குக் கொல்லையும் போகும். அதனால் ஆண்கள் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்வாசலைப் பார்த்து வைத்திருந்தார்கள். சாகக் கிடப்பவன், பிழைத்தால் ஒருத்தியோடு வாழ்வேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும். சாமி வராமலே, உபதேசியாரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

கள் குடிக்கும் இடத்தில் என்னைக் கண்டால் கூப்பிட்டுச் சொல்வார்கள்: "அனக்லே, குடத்துல தண்ணி ரெடியா வச்சிக்க. கடைசி மூச்சுக்கு ஒரு மூச்சு முன்னாடி ஆள் அனுப்புறோம்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மோட்சத்தையும் மனைவிகளையும் சேர்த்து விரும்பினார்கள்.

காய்ச்சல் முதலில் வந்த வருடம், வடக்கிலிருந்து புழுதிக்காற்று அடிக்கும் மாதங்களில், ஜூபே என்ற வேட்டைக்காரன் விழுந்தான். தலை பின்னால் இழுத்துக்கொண்டது. வாக்குக் கொடுத்தான், லாசார் என்று பெயர் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மிஷன் கன்னியாஸ்திரீ ஒரு தகர டப்பா நிறைய வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாளுக்கு ஆறு தடவை, ஐந்து நாள், நடுவில் விட்டால் காய்ச்சல் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதன்படி கொடுத்தேன். ஜூபே எழுந்தான். பத்து நாளில் இரண்டாவது மனைவியைப் பிறந்த வீட்டிலிருந்து அழைத்து வந்துவிட்டான். நான் போய்க் கேட்டேன்.

"வாக்குக் குடுத்தவன் செத்துக்கிட்டிருந்தான், உபதேசியாரே," என்றான். "அவன்தான் லாசார். அவனை நான் அப்புறம் பாக்கவே இல்ல. நான் ஜூபே. உக்காரு, பன்னிக்கறி இருக்கு."

நான் சாப்பிடவில்லை. அந்த மழைக்காலத்தில் அவன் பனையிலிருந்து விழுந்தான். நான் ஓடிப் போனபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது, பேச்சு இல்லை. வாக்கை மீறிய சாவான பாவத்தோடு போய்விட்டான். கல்லறை வேலிக்கு வெளியே அவனுக்குக் குழி வெட்டினேன். மண் பாறையாக இருந்தது. வெட்ட வெட்ட ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: காய்ச்சலில் போயிருந்தால் லாசார் மோட்சத்தில் இருந்திருப்பான். அவனை நரகத்துக்கு அனுப்பியவன் நான். என் கையால் ஊட்டிய முப்பது மாத்திரை.

ஓபேன் சாமியிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் என் தோளைத் தட்டினார். "அனக்லே, ஆண்டவரோட இரக்கம் உன் வேலியைவிடப் பெரிசு. போய்த் தூங்கு," என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் மறுநாள் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். ஜூபேயின் மனைவிகள் இருவரும் கேள்வியோடு என் முகத்தைத்தான் தினமும் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் காற்றோடு காய்ச்சலும் திரும்பி வந்தது. டப்பாவும் வந்தது. அது வருவதற்கு முன்பே நான் கிழங்கு மாவைப் பிசைந்து, விரலால் தட்டி, வட்டமாக்கி, கூரைமேல் காய வைத்திருந்தேன். காய்ந்தபின் வித்தியாசம் தெரியாது. மாத்திரை மிகவும் கசக்கும். கசப்புக்கு ஏதாவது மரப்பட்டையை அரைத்துச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சாகிறவர்கள் வாயில் எதற்குக் கசப்பு என்று காட்டுத்தேன் ஒரு துளி சேர்த்தேன்.

யாரையும் நான் துன்பப்படுத்தவில்லை. இதைத் தயவுசெய்து எழுதுங்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பக்கத்திலிருந்து நான் எழுந்து போனதே இல்லை. வாந்தியைத் துடைத்தேன். ஈ ஓட்டினேன். நெற்றியில் ஈரத்துணி மாற்றினேன். பயப்படுகிறவர்களுக்குக் கையைக் கொடுத்தேன். சிலர் மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், விரல்கள் மரத்துப்போகும், எடுக்க மாட்டேன். சொந்தத் தாய் பிள்ளைகளே வாசலில் நின்று எட்டிப் பார்த்த காலம் அது. பெரிய காரியங்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நம்மிடம் கேட்பது சின்னச் சின்ன இரக்கங்களைத்தான் என்று உபதேசத்தில் எப்போதும் சொல்லுவேன். சொன்னபடி நடந்தேன்.

முறையாகக் கல்யாணம் செய்து, ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்று, ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்குக் கசக்கும் மாத்திரையைக் கொடுத்தேன். அவர்கள் பெரும்பாலும் எழுந்தார்கள். அவர்களுடைய நிலை எனக்குத் தெரியும். இன்று போனாலும் நாளை போனாலும் ஒன்றுதான். அந்தக் குடும்பங்கள் பிழைப்பதை ஊர் பார்த்தது. பார்த்துவிட்டு நான்கு பேர் தாங்களாகவே முன்வந்து ஒரு மனைவியோடு நின்றார்கள். உங்கள் புத்தகத்தில் அது "மனமாற்றத்தின் ஆண்டு" என்று வரப்போகிறது என்றீர்கள். அதுவும் உண்மைதான்.

மந்தாபாவை மூன்றாவதாகக் கொண்டுவந்தார்கள். அவளை அவள் அப்பா ஏற்கெனவே ஒரு கிழவனுக்கு ஐந்தாவது மனைவியாகப் பேசி வைத்திருந்தார். மார்பு முளைத்ததும் போக வேண்டியவள். அவள் அப்படிப் போனபின் எந்தச் சாமி அவளுக்கு நற்கருணை கொடுப்பார்? தண்ணீர் ஊற்றினேன். வாயில் மாத்திரையை வைத்தேன். சப்பிப் பார்த்தாள்.

"இது கசக்கலையே. போன வருசம் எங்கண்ணனுக்குக் குடுத்தது கசந்துச்சுன்னான்."

"உனக்காகத் தேன் போட்டேன், கண்ணு."

"இன்னொண்ணு தாங்க," என்றாள். கொடுத்தேன்.

இப்போது கோனோமானைப் பற்றி. அவர் பெயரை நீங்கள் கிராமத் தலைவர்கள் பட்டியலில் எழுதிக்கொண்டீர்கள். எனக்கு அவர் அதற்கும் மேல். எனக்குப் பதினைந்து வயதில், ரப்பர் பால் எடுக்க ஆள் பிடிக்கக் கம்பெனிக் காவலாட்கள் வந்தார்கள். அதற்கு முந்தின வருடம் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. நான் கோனோமானின் தானியக் குதிருக்குள் ஒளிந்தேன். அவருக்கு நான் உறவுகூட இல்லை. ஆள் இல்லை என்று அவர் சொன்னார். நீர்யானைத் தோல் சவுக்கால் இருபத்தைந்து அடி. குதிரின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்துக்கும் அவர் ஆள் இல்லை என்றே சொன்னார். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் உபதேசியாராகி வந்தபோதும், "டேய் அனக்லே, உன் வெள்ளைக்கார ஆண்டவருக்குக் கள்ளு ஊத்துவியா மாட்டியா?" என்று கேலி செய்ததோடு சரி. ஜெப வீடு கட்ட மரம் கொடுத்தவரும் அவர்தான்.

அவருக்கு மூன்று மனைவிகள். ஞானஸ்நானம் வேண்டாம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

காய்ச்சல் ஓய்ந்துகொண்டிருந்த மாதக் கடைசியில் அவர் விழுந்தார். அவருடைய கடைசி மனைவி யாசிபா வந்து என் வாசலில் நின்றாள். "டப்பாவுல இருக்கா, உபதேசியாரே? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. நான் மிஷனுக்கு நடக்கறேன்."

இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். ஞானஸ்நானம் பெறச் சொல்லி முதல் நாள் முழுவதும் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இவளுக மூணு பேரையும் விட்டுட்டு மேல போய் நான் யாரோட உக்காந்து சாப்பிடறது? நீ சமைப்பியா?"

ஞானஸ்நானம் இல்லாமல் அவர் செத்தால் நான் எதைச் செய்து என்ன பயன்? அதனால் கசக்கும் மாத்திரையைக் கொடுத்தேன். மூன்று நாள், வேளை தவறாமல். ஆண்டவர் சாட்சி, அத்தனை கவனமாக நான் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. மூன்றாம் நாள் மதியம் கழுத்து இளகியது. கஞ்சி கேட்டார். நான்தான் ஊட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப இளைச்சிட்டடா," என்றார். "மூணு நாளா நீ தூங்கவே இல்லைன்னு யாசிபா சொன்னா. என்னால உனக்கு என்ன தர முடியும்?"

நான் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவரே சிரித்தார். "சரி, அந்தத் தண்ணிய ஊத்து. ஒருத்தியோட இருக்கறேன்னு சொல்லணுமில்ல? சொல்லிட்டேன். உனக்குச் சந்தோஷம்னா எனக்கு என்ன நஷ்டம்."

அன்பினால் சொன்னார். எழுந்து நடமாடினால் மூவரையும் வைத்துக்கொண்டுதான் இருப்பார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் மனமார, மலர்ந்த முகத்தோடு வாக்குக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றினேன். அவருடைய முதுகுத் தழும்புகள்மேல் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டேன். வெயில் சாய்ந்ததும் அடுத்த வேளை மாத்திரை. மனைவிகள் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். குடிசையில் நாங்கள் இருவர் மட்டும்.

தேன் சேர்த்ததை எடுத்து அவர் நாக்கில் வைத்தேன்.

"இதென்னடா தித்திக்குது," என்றார்.

"இனிமே கசப்பு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க," என்றேன்.

மறுநாள் காய்ச்சல் திரும்பியது. அதற்கடுத்த நாள் போய்விட்டார். கடைசிவரை என் கை அவர் கைக்குள்தான் இருந்தது. அவர் எனக்காக இருபத்தைந்து அடி வாங்கினார். நான் அவருக்கு முடிவில்லாத வாழ்வைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொன்னதில்லை. பாவமில்லாததை அங்கே எப்படிச் சொல்வது?

வேலிக்கு உள்ளே, சிலுவைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தேன். திரும்பி வரும்போது என் கழுத்து திரும்பவில்லை.

பாயில் விழுந்தேன். மூன்று வாரம் முன்புதான் ஓபேன் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கியிருந்தேன். மனைவி இல்லை, பகை இல்லை, என் ஆன்மாவில் ஒரு கறையும் இல்லை. இதைவிட நல்ல நேரம் ஒரு கிறிஸ்தவனுக்கு வாய்க்காது. யாசிபா தலையை மழித்துக்கொண்டு, துக்கச் சாம்பல் பூசிய உடம்போடு வந்தாள். யாரும் அனுப்பாமல் அவளாகவே வந்தாள். என் உதட்டை நனைத்தாள், என் வாந்தியைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரை நீங்க பாத்துக்கிட்டீங்க. உங்களைப் பாக்க யாரு இருக்கா?" என்றாள். பிறகு கேட்டாள், "மாத்திரை மிச்சம் இருக்கா?"

இருந்தது. கோனோமானுக்குக் கொடுக்காமல் நின்ற இரண்டு நாள் மாத்திரையும், அதற்குமேல் பதினெட்டும். எது எந்தப் பொட்டலம் என்று நான்தான் விரலால் காட்டினேன். அவள் சூரியனைப் பார்த்துப் பார்த்து, வேளை தவறாமல் ஐந்து நாள் என் வாயில் வைத்தாள். கசப்பு தாங்க முடியவில்லை. ஒன்றையும் நான் துப்பவில்லை. இந்த ஊருக்கு ஓர் உபதேசியார் வேண்டுமே, சாமி.