ஓரம் வெட்டின படம்

மதுரை பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், திருத்தங்கல் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பார்ப்பவர். பின்னால் நான்.

அவர் மடியில் ஒரு காலண்டர் தாள். அதில் கம்ப்யூட்டர் திரையின் படம் அச்சாகியிருந்தது. அவளுக்கு இன்று ஒலிப்பதிவுப் பரீட்சை. பாஸானால் ஸ்டூடியோவில் வேலை. பரீட்சைக்கு இரண்டு சாப்ட்வேர் வேண்டும், ஒன்றுதான் வாங்க முடிந்ததாம். மற்றதை இந்தப் படத்தைப் பார்த்தே படித்திருக்கிறாள்.

“கண்ண மூடு. இரைச்சலைக் குறைக்க எங்கன அமுக்குவ?”

அவள் விரல் படத்தில் சரியாகப் போய் நின்றது.

“ஏ புள்ள, சத்தமே கேக்காம சவுண்டு படிச்சவ நீ ஒருத்திதான்.”

“வீட்ல உங்க பேச்சையும் அப்படித்தான கேக்கேன்.”

“படம் எம்புட்டு நீட்டா இருக்கு பாத்தியா? நாலு ஓரமும் நான்தான் வெட்டுனேன்.”

அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஓரத்துல என்ன இருந்துச்சு?”

“சின்னச் சின்னக் கட்டமா ஒரு வரிசை. பார்டர் டிசைன்னு நெனச்சேன்.”

“அதெல்லாம் பொத்தானுங்க! பரீட்சைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு.”

அவர் சட்டைப் பையைத் துழாவி, வெட்டின ஓரத் துண்டை எடுத்தார். பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதியிருந்தது. அவள் பிடுங்கித் திருப்பி, பொத்தான்களை விரல் வைத்து எண்ணினாள்.

ஒன்பது.