லுணுகலை பஸ்ஸில் கேட்ட புரோமீன்

"வெளிய பாக்காதடி. புரோமீனச் சொல்லு."

லுணுகலை பஸ்ஸில் என் முன்சீட்டில் உயர்தர வகுப்பு மாணவிகள் இருவர். அப்பாவுக்குச் சுகமில்லையென்று ஒருத்திக்கு டியூசன் வகுப்புக்கே சொல்ல ஆள் வந்ததாம். மற்றவள் துணைக்கு வந்திருந்தாள். இரசாயனப் பாடத்தில் கேள்வி கேட்டவள் அவள்தான்.

"முதல் புரோமீன் இரட்டைப் பிணைப்புல ஒரு பக்கத்த மூடிரும். அதனால ரெண்டாவது எதிர்ப்பக்கமாத்தான் வரும்."

"அப்ப ஐதரசன்?"

பஸ் தேயிலைத் தோட்டத்து வளைவில் திரும்பியது. பாதை நெடுக இழவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள்.

"என்னையப் பாருடி. ஐதரசன் எப்படிச் சேரும்?"

"நிக்கல் மேல ஒட்டிக்கிட்டு இருக்குறதால, ரெண்டும் ஒரே பக்கமா சேரும்," என்றாள், கொடிகளைப் பார்த்தபடியே. பிறகு, அதே குரலில்:

"அப்பா போயிட்டாருன்னு ஒனக்கு வகுப்புலயே தெரியும், இல்லியா?"