நிலாவில் விட்ட ஆள்

என் நாட்குறிப்பின்படி: திங்கட்கிழமை, காலை 6.50, புத்தூரிலிருந்து சத்தியவேடு வழியாக ஸ்ரீ சிட்டி போகும் பேருந்து. முன் இருக்கையில், ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆள நிலாவுலேர்ந்து கூட்டினு வந்தாவணும்டீ” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“எந்த ஆள?”

“லண்டன்லேர்ந்து அண்ணன் அனுப்புன பழைய டிவி தொடர்ல. விஞ்ஞானக் கதைங்க. ஒவ்வொண்ணும் வேற கதை, வேற ஆளுங்க. நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் பக்கத்துல குந்திக்கினு தமிழ்ல சொல்றேன். மொத கதையில ஒருத்தன் நிலாவுல மாட்டிக்கினான், அதோட முடிஞ்சி போச்சி. நைனா ஒத்துக்கல. ‘நாளைக்கி வருவான், போடு’ன்றாரு.”

“நீ இன்னா பண்ண?”

“அடுத்த கதையில வந்த டாக்டர அவனோட தம்பின்னேன், நிலாவுல மாட்டுனவன தேடிக்கினுகிறான்னு சொல்லிட்டேன். அப்புறம் வந்த ரோபோவ அவனோட மச்சான் செஞ்சதுன்னேன். இப்ப எல்லாம் ஒரே குடும்பமாயிடிச்சி.”

தோழி சிரித்ததில் டிபன் பாக்ஸ் மடியிலிருந்து நழுவியது.

“சிரிக்காத. வெள்ளிக்கிழம அண்ணன் லீவுல வரான். கூட குந்தி பாத்தான்னா தெரிஞ்சிடும். அப்புறம் நைனா நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாரு.”

“எல்லா கதையும் இருக்குதா?”

“இல்ல. பாதி டேப்ப அந்தக் காலத்துலயே டிவி கம்பெனிக்காரங்களே அழிச்சிட்டாங்களாம். அண்ணனே சொன்னான்.”

“அப்ப இன்னாடி கவல? உன் ஆளு வீடு வந்து சேந்தது அழிஞ்ச டேப்புலன்னு சொல்லிடு. அண்ணன் வந்து தேடட்டும்.”

ஜன்னலோரப் பெண் தோழியின் டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள். “பொண்டாட்டி கையால சோறு துன்ற மாதிரி முடிச்சிடறேன்” என்றாள்.

இருவரும் ஸ்ரீ சிட்டி வாசலில் இறங்கினார்கள். பழைய தொலைக்காட்சி நாடாக்கள் அழிக்கப்பட்டது உண்மை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஆள் வெள்ளிக்கிழமைக்குள் வீடு திரும்பினானா என்பது மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.